மூன்றரைக் கிலோ செம்பு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அக்கா. சொன்னாள் என்பதைவிடச் சீண்டினாள் என்பதுதான் சரி. என்னுடைய போன கதைத் தொகுப்பை மூன்று வாரம் தலைமாட்டில் வைத்திருந்து படித்துவிட்டு, ஒரு நாள் காலையில் போன் செய்தாள். எல்லாக் கதையிலும் ஒன்று யாராவது செத்துப்போகிறார்கள், இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள், உனக்கு வேறு ஒன்றும் எழுத வராதா என்று கேட்டாள். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, "எங்களப் பத்தி எழுதேன்டி. ஆனா சுரங்கம் இடிஞ்சு விழக் கூடாது. அது ஒண்ணுதான் கண்டிஷன்" என்றாள்.

அக்கா ஒரு திறந்தவெளிச் செம்புச் சுரங்கத்தில் நிலவியலாளர். அத்தான், அதாவது அவள் வீட்டுக்காரர், அதே சுரங்கத்தில் லாரி ஓட்டினார். தெருவில் போகிற லாரியை நினைக்காதீர்கள். நூறு டன் ஏற்றுகிற வண்டி அது. சக்கரமே ஆளைவிட உயரம். ஓட்டுநர் இருக்கைக்கு ஏணியில் ஏறித்தான் போகவேண்டும்.

இருவரையும் பதினெட்டு வருஷமாக ஜோடியாகப் பார்த்து வருகிறேன். அத்தனை நாள் பழக்கம் இருந்தும், எழுத உட்கார்ந்தால் ஒரு வரி நகரவில்லை. நமக்குப் பிடித்தவர்களை எழுதுவதில் இருக்கிற தொல்லை இது. பேனா அவர்களுக்குக் குடை பிடிக்கப் போய்விடுகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பூமித் தாயின் வயிற்றைக் கிழித்தபடி அந்த ராட்சத இயந்திரம்—"

அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினால் போனை வைத்துவிடுவாள். அடித்தேன்.

அடுத்தது: "செம்பின் விலை சரிந்த அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலோரம் நின்று—"

அன்று மழை இல்லை. சொல்லப்போனால் அப்படி ஒரு 'அன்று'வே இல்லை. எட்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய விலை அது. போதாக்குறைக்கு அக்கா ஜன்னலோரம் நிற்கிற ஆளும் இல்லை. எழுத்தாளர்களின் ஜன்னலில் நிற்க அவளுக்கு நேரம் கிடையாது.

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் படித்தது. அதிலும் எனக்குத் திருப்தி இல்லை. போகட்டும்.

3

கதைக்குள் போகுமுன் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், பாடம் நடத்தமாட்டேன். அக்கா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

வெடி வைத்துப் பெயர்த்த பாறை எல்லாவற்றிலும் கொஞ்சமாவது செம்பு இருக்கும். எவ்வளவு இருந்தால் அதை எடுத்துப்போய் அரைப்பது கட்டுப்படியாகும் என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள். சுரங்கத்தில் அதன் பெயர் 'கோடு'. அக்காவின் சுரங்கத்தில் கோடு நாலு கிலோ. ஒரு டன் பாறையில் நாலு கிலோவோ அதற்கு மேலோ செம்பு இருந்தால் அது தாது, ஆலைக்குப் போகும். மூன்று கிலோவுக்குக் கீழே என்றால் கழிவு, கழிவுமேட்டில் கொட்டிவிடுவார்கள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருப்பதை ஒரு மலைத்தோளுக்குப் பின்னால் தனியாகக் குவித்து வைத்திருந்தார்கள், என்றைக்காவது ஆகும் என்று. அதன் பெயர் நடுக்குவியல்.

விலை ஏறினால் கோடு இறங்கும். விலை இறங்கினால் கோடு ஏறும். நேற்றுத் தாதுவாக இருந்த கல், தான் ஒரு தப்பும் செய்யாமலே இன்று கழிவாகிவிடும். முதலில் கேட்டபோது எனக்கு அந்தக் கல்லின் மேல் பெரிய பரிதாபம் வந்தது. "கல்லுக்காக அழாத, வேற ஆளுங்க இருக்காங்க" என்றாள் அக்கா.

அவள் வேலை என்னவென்றால், வெடித்த பாறையில் கொடி நடுவது. ஆலைக்குப் பச்சை, கழிவுக்குச் சிவப்பு, நடுக்குவியலுக்கு மஞ்சள். ஒவ்வொரு லாரியும் எங்கே போகவேண்டும் என்று வயர்லெஸ்ஸில் சொல்வாள். "ஒன்பது, மஞ்சள்" என்பாள். ஒன்பதாம் வண்டியில் இருப்பவர் அத்தான். அவர் "சரிங்க மேடம்" என்பார். மற்ற பதின்மூன்று ஓட்டுநர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அத்தான் சொல்லும்போது மட்டும் அந்த 'ங்க'வில் ஒரு இழுப்பு இருக்குமாம். மொத்தக் குழியும் அதைக் கேட்டுச் சிரிக்குமாம்.

(கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை அவர் பச்சைக் கல்லைக் கொண்டுபோய்ச் சிவப்பில் கொட்டிவிட்டார். அக்கா வண்டியை நிறுத்தி, ஏணியில் ஏறி, இருக்கைக்கே போய்த் திட்டியிருக்கிறாள். தெரியாமல் நடந்தது என்கிறார் அத்தான். நான் நம்பவில்லை. அக்காவும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.)

4

எட்டு மாதம் விலை இறங்கியபிறகு, சுரங்க மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார். இவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'பத்து நிமிஷம்'. யாரைக் கூப்பிட்டாலும் "ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்பார். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து யாரும் வெளியே வந்ததில்லை.

இவரை வில்லனாக்க நான் நாலு பக்கம் செலவழித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற பழக்கத்தைக் கொடுத்தேன். மேசைக்கு அடியில் காலை ஆட்டவைத்தேன். அக்கா படித்துவிட்டு, "அவரு நல்ல மனுஷன்டி. கையில இருந்த எண்ணுதான் கெட்டது" என்றாள். நாலு பக்கமும் குப்பைக்குப் போயிற்று.

கெட்ட எண் இதுதான். கம்பெனியின் தலைமை அலுவலகம் கோட்டை நாலிலிருந்து ஆறுக்கு ஏற்றச் சொல்லியிருந்தது. நல்ல கல்லை மட்டும் எடுத்தால், குறைந்த விலையிலும் கையைக் கடிக்காது. ஆனால் ஒன்பது வருஷம் ஓடவேண்டிய சுரங்கம் இரண்டரை வருஷத்தில் முடிந்துவிடும். பிறகு விலை ஏறினால் மிச்சத்தை எடுக்கலாமே என்று நான் கேட்டேன். முடியாதாம். தட்டில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை விற்கப் பார்த்தால் யார் வாங்குவார்கள்? நல்ல கல் சேர்ந்தால்தான் சுமாரான கல்லை வெட்டுகிற செலவு தாங்கும்.

சுரங்கம் மூடினால் ஊரும் மூடும். ஊர் என்பது ஆயிரத்து இருநூறு வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி, ஒரே மாதிரி பெயிண்ட் அடித்த நாலு தெரு. எல்லாம் அந்தக் குழிக்காக வந்தவை.

மேலாளர் அக்காவிடம் கேட்டது, வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று. ஆறு வாரம் அவகாசம் கொடுத்தார்.

5

அக்காவுக்கு நடுக்குவியல் ஞாபகம் வந்தது. பதினைந்து வருஷமாகச் சேர்ந்த மலை அது. டன்னுக்குச் சராசரி மூன்றரைக் கிலோ. கோட்டுக்குக் கீழேதான். ஆனால் அதை வெடித்தாயிற்று, குழியிலிருந்து மேலே கொண்டுவந்தாயிற்று. அந்தச் செலவெல்லாம் என்றைக்கோ முடிந்த கதை. இனி அள்ளி, ஆலைக்குக் கொண்டுபோய், அரைக்கிற செலவு மட்டும்தான். மூன்று வருஷம் அதை அரைத்தால் ஆலை நிற்காது, குழியை மெதுவாக வெட்டலாம், விலைக்காகக் காத்திருக்கலாம்.

ஒரு சிக்கல். பதினைந்து வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்த கல், தன் செம்பை முழுசாகக் கொடுக்காது. புதுக் கல் நூறில் தொண்ணூறு பங்கு கொடுக்கும். குவியல் எழுபத்தாறு பங்காவது கொடுத்தால்தான் கட்டும்.

அக்கா நாற்பது இடத்தில் தோண்டி மாதிரி எடுத்தாள். கலந்து, பொடித்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்தாள். எழுபத்தொன்று வந்தது. திரும்பச் செய்தாள். எழுபது. மூன்றாம் தடவை மறுபடி எழுபத்தொன்று.

மேலாளர் அவள் அறைக்கே வந்தார். கதவைச் சாத்தினார். எழுபத்தாறு வர ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டார். அக்காவின் மேசையிலிருந்த கல் ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனாராம்.

அவர் கேட்டது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரிந்திருக்கும்.

6

இந்த இடத்தில் நான் எழுதிய காட்சியில் அக்கா கலங்கினாள். முகத்தைக் கழுவிக் கண்ணாடியில் தன்னையே பார்த்து— இல்லை. நடந்தது வேறு. அன்று சாயங்காலம் அவளும் அத்தானும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து எண்தான் வித்தியாசம், ஒரு வருஷத்துக்கு யாருக்கும் தெரியாது, பிறகு தெரிந்தாலும் பாறை எதிர்பார்த்தபடி இல்லை என்று சொல்லிவிடலாம், பாறை மேல் பழிபோடுவது இந்தத் தொழிலில் சகஜம் என்றாள்.

அத்தான் ஒரு போர்வையின் இரண்டு முனையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ எழுதுவியா?"

"மாட்டேன்."

"அப்பறம் எதுக்கு எங்கிட்ட சொல்ற?"

"தனியா மாட்டேன்னு சொல்லக் கஷ்டமா இருக்கு."

அத்தான் போர்வையோடு நடந்து வந்து, தன் முனைகளை அவள் கையில் சேர்த்து, "சரி, நானும் மாட்டேன். இப்ப ரெண்டு பேரு ஆச்சு" என்றார்.

மறுநாள் அக்கா அறிக்கையில் எழுபத்தொன்று என்றே எழுதினாள். இன்னும் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் மிச்சம் இருந்தது.

7

அத்தானுக்கு அந்த எழுபத்தாறு எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. அக்கா காகிதத்தில் போட்டுக் காட்டினாள். கரண்டு இவ்வளவு, ரசாயனம் இவ்வளவு, டீசல் இவ்வளவு. டீசல் வரியில் அத்தான் விரலை வைத்தார். ஏன் இத்தனை என்று கேட்டார். குவியலிலிருந்து ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர், பாதி தூரம் பாரத்தோடு ஏற்றம், அதனால்தான் என்றாள்.

"அந்த ரோட்டுல எதுக்கு வரணும்?" என்றார் அத்தான்.

அந்த ரோடு, குழியிலிருந்து குவியலுக்குக் கல்லைக் கொண்டுபோகப் போட்டது. திருப்பிக் கொண்டுவருவோம் என்று யாரும் நினைத்துப் போடவில்லை. ஆனால் அத்தான் எத்தனையோ மதியம் குவியலின் பின்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் ஆலையின் தகரக் கூரை நேர் கீழே தெரியும். நடுவில் ஒரு இடுக்கு உண்டு, என்றோ துளைபோடும் வண்டி போன தடம். அகலப்படுத்தினால் பாரத்தோடு இறக்கம்தான், ஏற்றமே இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டருக்குமேல் வராது என்றார்.

இருவரும் அனுமதி வாங்கிக்கொண்டு போய் நடந்து பார்த்தார்கள். அக்காவின் கையில் அளக்கிற கருவி இருந்தது. அத்தான் அதை நம்பாமல் காலடியை எண்ணிக்கொண்டே வந்தார். அக்கா நடுவில் பேச்சுக் கொடுத்து எண்ணிக்கையைக் கலைத்தாள். மறுபடி மேலேயிருந்து ஆரம்பிக்கிறேன் என்று அவர் திரும்பப் போக, அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். ஊரே மூடப்போகிற நேரத்தில் இரண்டு பேர் இப்படி விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

கருவி ஆயிரத்து நானூற்று எண்பது மீட்டர் காட்டியது. அக்கா அங்கேயே கணக்குப் போட்டாள். இந்த வழியில் வந்தால் எழுபத்தாறு வேண்டாம். அறுபத்தொன்பது போதும். குவியலிடம் எழுபத்தொன்று இருந்தது.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பதினாலு வண்டி வேண்டாம்ல?" என்றார். "எட்டு போதும்."

அக்கா அதை இன்னும் யோசிக்கவில்லை. தூரம் குறைந்தால் ஒரு வண்டி நிறைய நடை அடிக்கும். நடை கூடினால் வண்டி குறையும். வண்டி குறைந்தால் ஓட்டுநர் குறைவார். மிச்சமான டீசலுக்குள்ளேயே ஆறு பேருடைய வேலையும் இருந்தது.

வேண்டாம், இதை விட்டுவிடலாம் என்றாள் அக்கா. விட்டால் பதினாலு பேரும், ஆயிரத்து இருநூறு வீடும் போகும் என்றார் அத்தான். எழுது என்றார்.

8

தலைமை அலுவலகம் ஒத்துக்கொண்டது. மேலாளர் அக்காவை ஒரு பத்து நிமிஷம் கூப்பிட்டு, நிஜமாகவே பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். அறிக்கையைப் படித்தபின் அவரால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை என்று அக்கா நினைக்கிறாள்.

ஆறு ஓட்டுநர்கள் போகவேண்டும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவது வழக்கம். அத்தான் சேர்ந்த வரிசையில் இரண்டாவது ஆள், அவரை யாரும் தொடமுடியாது. பட்டியல் ஒட்டிய அன்று, அவர் அலுவலகத்துக்குப் போய், தன் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் சொல்லவில்லை.

(முதல் வரைவில், அந்த ஆறு பேரில் ஒருவருடைய மனைவி நிறைமாதம் என்று எழுதியிருந்தேன். அக்கா அடித்துவிட்டாள். யாரும் நிறைமாதம் இல்லை.)

அவர் போனதால் ஒரே ஒருவருக்குத்தான் வேலை தப்பியது. மற்ற ஐந்து பேரும் போனார்கள். அதில் இரண்டு குடும்பம் இன்றைக்கும் அத்தானைப் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்கிறது. வேலை தப்பிய அந்த ஒருவர் ஒரு பெண் ஓட்டுநர். அத்தானுக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது. அவர் பிரேக்கை மிதிக்கிற விதம் சரியில்லை என்று வீட்டில் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்தான் அத்தான். ஏன் போனீர்கள் என்று நான் கேட்டதற்கு, "யோசனை என்னோடது. அஞ்சு பேரைப் போகச் சொல்லிட்டு நான் மட்டும் எப்படி வண்டில உக்காருவேன்?" என்றார். வேறு விளக்கம் இல்லை. இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம். கதாபாத்திரங்கள் நமக்கு ஒத்துழைப்பதில்லை.

அக்காவுக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்தது. நாலு நாள் வீட்டில் அவரிடம் பேசவில்லை. கூட இருந்து மாட்டேன் என்று சொன்ன ஆள், முடிவெடுக்கும்போது மட்டும் தனியாகப் போனாரே என்பதுதான் அவள் கோபம். வயர்லெஸ்ஸில் வேலைப் பேச்சு உண்டு. "ஒன்பது, சிவப்பு." "சரிங்க மேடம்." அந்த நாலு நாளும் குழியில் யாரும் சிரிக்கவில்லை.

இடுக்கில் ரோடு போட்டு முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை அத்தானை வைத்திருந்தார்கள். புது ரோட்டில் முதல் லோடு இறக்குவது அவருடைய கடைசி வேலை. கீழே ஆலை வாசலில் அக்கா, மேலாளர், இன்னும் இருபது பேர் நின்றார்கள்.

அக்கா வயர்லெஸ்ஸை எடுத்தாள். "ஒன்பது, ஆலைக்கு."

"சரிங்க மேடம்."

வண்டி இடுக்குக்குள் நுழைந்தது. எல்லா ஓட்டுநர்களும் கேட்கிற அந்த அலைவரிசையில், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அக்கா வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வார்த்தை சொன்னாள்.

"மெதுவா வாங்க."

யாரோ ஒரு ஓட்டுநர், "சரிங்க மேடம்" என்று அத்தானைப் போலவே இழுத்தாராம். மேலாளர் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

9

கதையை இங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். நல்ல எழுத்தாளர் நிறுத்தியிருப்பார். ஆனால் செம்பின் விலை என் கதைக்காக நிற்காது.

குவியல் சொன்னபடி எழுபத்தொன்று கொடுத்தது. பதினாலு மாதம் ஓடிவிட்டது. அத்தான் இப்போது பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். குழந்தைகளின் கூச்சலுக்கு வெடிச் சத்தமே தேவலை என்கிறார். ஆனால் ஒவ்வொரு குழந்தையும் எந்தப் படியில் தடுக்கி விழும் என்பது அவருக்கு அத்துப்படி. சம்பளம் பாதி. ஒன்பதாம் வண்டியை அந்தப் பெண் ஓட்டுகிறார். பிரேக் இப்போது பரவாயில்லையாம்.

போன மாதம் விலை ஏறத் தொடங்கியது. எங்கேயோ, நாம் பார்க்காத ஏதோ ஒரு நாட்டில், யாரோ நிறையச் செம்புக் கம்பி இழுக்கிறார்கள் போலிருக்கிறது. குழியை மறுபடி முழு வேகத்தில் வெட்டப்போகிறார்கள். போன ஆறு பேரையும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் சரி என்றுவிட்டார்கள். அத்தான் திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும்.

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) அவர் திரும்பிப் போகிறார். அக்கா வயர்லெஸ்ஸை எடுக்கிறாள். அந்தக் குரல் கேட்டதும்— போதும், எனக்கே சர்க்கரை ஏறுகிறது.

(ஆ) அவர் பஸ்ஸிலேயே இருந்துவிடுகிறார். குழந்தைகள் கையசைக்கிறார்கள். இது விளம்பரம் மாதிரி இருக்கிறது.

(இ) அவர் போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே விலை சரிகிறது. இதுதான் நடக்கக்கூடியது. ஆனால் இதை எழுதினால் அக்கா என்னோடு பேசமாட்டாள்.

10

முடிவு இல்லாமலே எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதியம் சாப்பிட்டு முடித்ததும் படித்துக் காட்டினேன். அக்கா இரண்டு எண்ணைத் திருத்தினாள். நடுவில் நாலு கிலோ என்று எழுதவேண்டிய இடத்தில் நாற்பது என்று எழுதியிருந்தேனாம். அப்படி ஒரு பாறை இருந்தால் நாங்கள் ஏன் இப்படி இருக்கிறோம் என்றாள். அத்தான் போர்வை வருகிற இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். படித்து முடித்ததும், நன்றாக இருக்கிறது, ஆனால் முடிவு எங்கே என்று கேட்டார்.

நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றேன். என்ன செய்யப்போகிறீர்கள்?

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா எச்சில் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை என்றார் அவர், என்னிடம். கேட்டால் சொல்லமாட்டேனா என்றாள் அவள், அதுவும் என்னிடம். இருவரும் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்னாலேயே போனேன்.

அக்கா வாசலில் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினாள்.

உள்ளே பேசுகிறார்கள். அத்தானின் குரல் கேட்கிறது, பிறகு அக்காவின் குரல். குழாய் ஓடிக்கொண்டிருப்பதால் வார்த்தை பிடிபடவில்லை. இத்தனை தட்டுக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டாம். அக்கா வேண்டுமென்றே திறந்துவிட்டிருக்கிறாள்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். உங்களுக்கு அவசியம் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் உட்கார்ந்து காது கொடுத்துப் பாருங்கள். நான் கடைக்குப் போகிறேன். டீ போடப் பால் இல்லை. அவர்கள் பேசி முடிக்க நேரமாகும்.